தெருமுனையில் ஒரு செருமல்

எங்கள் ராயபுரம் வீட்டுக்கு எதிர்வீட்டு அக்காவின் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் இறந்த பிறகு அவருடைய பழைய காரை நான் வாங்கினேன். அதற்கு ஏறக்குறைய என் வயது. கிளம்பும்போது இரண்டு பேருக்கும் முனகல் வரும்.

அந்தக் காருக்கென்று ஒரு சத்தம் உண்டு. என்ஜின் கக்கும் புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்பு மேனிபோல்டில் ஒரு விரிசல். வண்டி தெருமுனையில் திரும்பினால், வீட்டுக்கு வரும் மனிதர் தொண்டையைச் செருமுவது போலக் கேட்கும்.

ஒருநாள் அக்கா வந்து நின்றார்.

"தப்பா நெனைக்காத தம்பி. அந்தச் சத்தம் கேட்டா என் கை தானா போயி கேட்டைத் தொறக்குது. பாத்தா நீ எறங்கற. டெய்லி அவரு இன்னொரு தபா செத்துப்பூடறாரு."

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அன்று அதை விழுங்கிவிட்டு, "சத்தத்த மாத்திடறேன்க்கா" என்றேன்.

திருவொற்றியூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் பாய் என் தோஸ்து. மேனிபோல்டைக் கழற்றிவிட்டு, நான்கு வளைகுழாய்களைச் சேர்த்துப் பற்றவைத்த ஹெட்டரைப் போட முடிவு செய்தோம். "சத்தம் வேற ஆளாயிடும் மாமு" என்றார். ஆனால் ஸ்டியரிங் தண்டுக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள சந்தில் பாயின் தடித்த கை நுழையாது. என் ஒல்லிக் கைக்கு வாழ்க்கையில் முதல் மரியாதை. பாய் காருக்கு அடியில் படுத்துக் குழாயைத் தாங்கிக்கொள்ள, நான் மேலிருந்து கையை விட்டேன். கடைசி நட்டு கண்ணுக்குத் தெரியாது. தடவித்தான் முடுக்க வேண்டும். முடுக்கிவிட்டுக் கையை இழுத்தேன். வரவில்லை. உள்ளே யாரோ என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்கள்.

"பாய், வெளாடாத. கைய வுடு."

"எந்தக் கைய? என் ரெண்டு கையும் குழாய்ல கீது."

வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று போனது. தகரக் கூரை நடுங்கியது. நான் அதைவிட நன்றாக நடுங்கினேன். இழுக்க இழுக்கப் பிடி இறுகியது. "அண்ணே, வண்டிய நீயே வெச்சுக்கோ, கைய மட்டும் குடுத்துடு" என்று இறந்தவரிடம் பேரம் பேசினேனாம். எனக்கு நினைவில்லை. பாய் இதை இன்றுவரை டீக்கடையில் நடித்துக் காட்டுகிறார்.

பாய் எழுந்து வந்து டார்ச் அடித்தார். "பேயும் இல்ல, ஒரு பேஜாரும் இல்ல. உன் கயிறு போல்ட்டுல மாட்டிக்கினு கீது."

இறந்தவர் காரை ஓட்டுகிறேனே என்று என் மனைவி மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு. பாய் பிளேடால் அறுத்துவிட்டார்.

வண்டி உறுமிக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது, அக்கா வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைக்கூடத் திருப்பவில்லை. நான் இறங்கியதும், "யாரு வண்டியோன்னு இருந்துட்டேன்" என்று சிரித்தார். எனக்கு நெஞ்சு லேசானது.

பழைய மேனிபோல்டைப் பாயிடமே விட்டிருக்கலாம். இரும்பைச் சும்மா விட்டுவர எங்கள் பேட்டைக்காரனுக்கு மனசு வருமா? டிக்கியில் போட்டுக் கொண்டுவந்து மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம். கார் வாசலில் நிற்கிறது, நான் பனியனோடு டீ குடிக்கிறேன். தெருமுனையில் அந்தச் செருமல் கேட்டது. அடுத்து, எதிர்வீட்டுக் கேட்டின் தாழ்ப்பாள்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ வண்டி எடுக்கலியா?"

"இல்லக்கா. இங்கதான் கீது."

அக்கா தலையாட்டினார். ஓர் ஆள் உள்ளே போகிற நேரம் பொறுத்து, கேட்டை மூடினார்.

நான் மாடிப்படிக்கு அடியில் போய் மேனிபோல்டைத் தொட்டேன். சுட்டது. வெயிலில் கிடந்திருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வீடு கட்டிய நாளிலிருந்து அந்த மூலையில் வெயில் விழுந்ததில்லை.

காலையில் அதைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். "இதான்க்கா சனியன். இப்பவே இரும்புக் கடைல போட்டுட்டு வந்துடறேன்."

அக்கா சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் தம்பி. முன்ன கேட்டைத் தொறந்தா நீ எறங்குவ. நேத்து யாரும் எறங்கல, அவரும் சாவல. இது பரவால்ல. இருக்கட்டும்."

சாக்கு மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கிறது. என் மணிக்கட்டில் இப்போது இரண்டு கயிறு. சாயங்காலம் அந்தச் செருமல் கேட்கும் நேரம் வந்தால், டீயை நான் கொஞ்சம் சத்தமாகவே உறிஞ்சுகிறேன்.