போனில் மட்டும் நான்

விபத்துக்கு முந்தின மழைக்காலத்தில் நானும் என் கணவரும் வெளிநாட்டு உளவுத் தொடர் ஒன்றைத் தமிழ் டப்பிங்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் இரண்டு உலகங்கள். இரண்டிலும் அதே ஊர், அதே தெரு, அதே ஆட்கள். அந்தப் பக்கத்து உலகத்திலிருந்து உளவு பார்க்க வருகிறவர்கள், இங்கே தங்களைப் போலவே இருப்பவரைக் கடத்திவிட்டு, அவர் வீட்டிலேயே ஒன்றும் நடக்காதது போலக் குடித்தனம் நடத்துவார்கள். யார் அசல், யார் வந்தவர் என்று சொல்வதில் என் கணவர் கெட்டிக்காரர். ஒருத்தி டம்ளரைக் கீழே வைக்கிற விதத்தைப் பார்த்தே, "இவ அந்தப் பக்கத்துக்காரி" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, கடலூர் முதுநகருக்கே திரும்பி வந்தவர். அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜில் வேலை முடித்து மழையில் வரும்போது, ஆலப்பாக்கம் அருகே பைக் வழுக்கியது. தலையில் அடி. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பியபோது தன் அண்ணனை அடையாளம் கண்டுகொண்டார். என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார்.

"என் வீட்டம்மா எங்கங்க?"

மருந்து மயக்கம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது மாறவில்லை. என்னை நீங்க, வாங்க என்றுதான் கூப்பிட்டார். வேற்றுப் பெண் இருக்கும் அறையில் படுக்கக் கூடாது என்று பாயை ஹாலுக்குக் கொண்டுபோனார். ஒரு நாள் டீ கொடுத்தபோது தணிந்த குரலில் கேட்டார்.

"உங்கள அந்தப் பக்கத்துலேருந்து அனுப்புனாங்களா? பயப்படாதீங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டதும் அழுகை வந்துவிட்டது.

டாக்டர் விளக்கமாகச் சொன்னார். முகம் அவருக்குத் தெரிகிறதாம். அந்த முகத்தைப் பார்த்ததும் மனசுக்குள் எழ வேண்டிய ஒன்று எழவில்லையாம். அதனால், இது அவள் இல்லை என்று மூளை முடிவு செய்துகொள்கிறது. தொடரால் வந்தது இல்லை இது. ஆனால் இப்போதைக்கு அதைப் பார்க்க வேண்டாம், வாதாடவும் வேண்டாம் என்றார்.

மருந்து வாங்கச் சிதம்பரம் போன ஒரு நாள், சாப்பிட்டாரா என்று கேட்க பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தேன்.

"எங்கடி போயிட்ட நீ?" என்றார். குரல் உடைந்திருந்தது. "இங்க ஒருத்தங்க இருக்காங்க. அப்படியே உன்னை மாதிரி. நல்லவங்கதான். ஆனா கொழம்புல உப்பு ஜாஸ்தி."

காதில் கேட்கும் குரலுக்கு அந்தக் கோளாறு இல்லை என்று பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் மொட்டை மாடிக்குப் போய் அவருக்கு போன் செய்தேன். கீழே ஹாலில் அவர் எடுப்பார். உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். என்னைப் பற்றி என்னிடமே சொல்வார். அந்தம்மா ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை, பாவம் என்பார். பேசி முடித்து நான் கீழே இறங்கி வந்ததும் கைலியைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி உட்காருவார்.

நான்தான் அது என்று காட்ட, ஒருமுறை அவர் எதிரிலேயே போனைக் காதில் வைத்துப் பேசிப் பார்த்தேன். அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. குரலையும் படித்துக்கொண்டீர்களா என்று கேட்டார். அப்புறம் அதைச் செய்யவில்லை.

மாதங்கள் போகப் போக அவர் பேச்சு குறைந்தது. ஒரு மத்தியானம் போனில் சொன்னார். "வர முடியாத எடத்துல இருந்தா சொல்லிடு. நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன்."

"வந்துடுவேன் மச்சான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அதற்குப் பிறகு என் போனை அவர் எடுக்கவில்லை. அடித்து அடித்து நிற்கும். அந்தச் சத்தம் மாடி வரைக்கும் கேட்கும்.

இப்போது தன் அண்ணனோடு வேலைக்குப் போய்வருகிறார். ஒரு நாள் சாப்பிடும்போது என் எதிரிலேயே அண்ணனிடம் சொன்னார். "அவ இனிமே வர மாட்டா. இவுங்கதான் என்னைப் பாத்துக்கறாங்க. இவுங்களுக்கு ஒரு கொறையும் வைக்கக் கூடாது."

நான் சோறு போட்டேன். அன்று தொழுது முடித்ததும் அவர் வெகுநேரம் கையேந்தி உட்கார்ந்திருந்தார். எங்கே இருந்தாலும் அவளை நல்லா வை என்று எனக்காக துஆ கேட்டது, கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த என் காதில் விழுந்தது.