ஏணிக்காரர் தெருவின் முழுப்பெயர்

எங்கள் குடியிருப்பு, பழைய செங்கற்சூளை நிலத்தைச் சமன்செய்து கட்டப்பட்டது. வீட்டுவசதித் துறையினர் தெருக்களுக்கு எண்களை மட்டுமே இட்டனர். பெயர்களை நாங்களே வைத்துக்கொண்டோம். தண்ணீர் இறைக்கும் கொட்டகை இருந்தது பம்புத் தெரு. மறுமுனையில் வழியில்லாதது முட்டுத் தெரு. நான்காம் தெருவில் வயரிங் வேலை செய்த ஒருவரிடம் நீண்ட மூங்கில் ஏணி இருந்தது. மின்விசிறி மாட்டவும், கூரை ஒழுக்கை அடைக்கவும், மாடியில் சிக்கிய பூனையை இறக்கவும் எல்லாரும் அவரிடமே வந்தனர். அவரும் முகஞ்சுளிக்காமல் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு புறப்படுவார். அத்தெரு ஏணிக்காரர் தெரு ஆயிற்று.

அவர் மனைவி முன்னறையில் தையல் இயந்திரம் வைத்திருந்தார். நெஞ்சுவலியில் கணவர் திடீரென மறைந்தபின், மகளை ஆளாக்கியது அந்த இயந்திரந்தான். சொன்ன நாளில் துணி கிடைக்காது. கிடைத்த துணியில் குறை இராது. ‘ஏணிக்காரர் பொண்டாட்டி’ என்று எவரேனும் அழைத்தால் மட்டும் அவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

குடியிருப்போர் சங்கம் பெயர்ப்பலகை வைக்க முனைந்தபோது, வழக்கிலுள்ள பெயர்களையே எழுதலாம் என்றார் செயலாளர். தையற்காரம்மா எழுந்தார்.

“அவருக்கு அப்பா அம்மா வச்ச பேரு இல்லையா? எழுதுறதுன்னா இனிஷியலோட முழுப்பேரை எழுதுங்க.”

“ஏணின்னாதானேக்கா எல்லாருக்கும் தெரியும்?” என்றார் முடிதிருத்தும் கடைக்காரர்.

“உன் தெருவுக்குக் கத்திரிக்கோல் தெருன்னு வச்சா ஒத்துக்குவியா?”

“தாராளமா வைங்கக்கா. கடைக்கு ஓசி விளம்பரம்!”

கூட்டம் சிரித்தது. தையற்காரம்மா சிரிக்கவில்லை. முழுப்பெயரே பலகையேறியது. அன்று தம் முந்தானையாலேயே அதைத் துடைத்துவிட்டு, நெடுநேரம் அண்ணாந்து பார்த்து நின்றார்.

அடையாள அட்டைகளில் அப்பெயர் புகுந்தது. நாளடைவில் பேச்சிலும் புகுந்தது. பழைய குடும்பங்கள் ஒவ்வொன்றாக வீட்டை விற்றுப் போயின.

சென்ற மாதம் சட்டைக் காலரைத் திருப்பித் தைக்கத் தையற்காரம்மாவிடம் கொடுக்கச் சென்றிருந்தேன். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ரவிக்கைத் துணியுடன் நின்றாள்.

“ஆன்ட்டி, போர்டுல இருக்கிறவரு யாரு? பழைய மந்திரியா?”

“என் வீட்டுக்காரரும்மா.”

“அப்படியா! என்னவா இருந்தாரு?”

“ஏணி வச்சிருந்தாரு.”

“ஏணியா?”

அப்பெண் இன்னும் ஏதோ வருமென்று மரியாதையாகக் காத்திருந்தாள். ஒன்றும் வராததால் துணியைக் கொடுத்துவிட்டுப் போனாள். தையற்காரம்மா என் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, போர்டை மாத்த முடியுமா?”

“எல்லார் அட்டையிலயும் பதிஞ்சுபோச்சேம்மா. இனிமே எங்க?”

“முட்டுத் தெருவுக்கு ஏன் அந்தப் பேருன்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுது. இவரைத்தான் நானே யாரோவா ஆக்கிட்டேன்.”

அவர் என் காலரைப் புரட்டிப் பார்த்தார்.

“நாளைக்கு வாங்கண்ணே.”

நாளை கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மறுநாள் போனேன்.