அரியூர் நாட்டில் காயாத சாயம்

யுத்தம் முடிந்த மறு தை, 1946இல், கொல்லிமலை ஏறினேன். எனக்கென்று அங்கே வேலை இல்லை. ஓவிய நண்பன் சுந்தரம் முந்தின வருடம் அம்மலையின் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான அரியூர் நாட்டில் கேழ்வரகு அறுக்கும் பெண்களைப் பென்சிலில் வரைந்துகொண்டு வந்து, சேலத்தில் எண்ணெய்ச் சாயம் தீட்டி முடித்திருந்தான். சென்னைக் கண்காட்சிக்கு அனுப்புமுன் அவர்களிடம் காட்டியே ஆகவேண்டுமாம். துணைக்கு நான்.

சேந்தமங்கலம்வரை பஸ். அங்கிருந்து அடிவாரம் காரவள்ளிக்கு ஏறக்குறைய ஆறு மைல் மாட்டுவண்டி, கூலி எட்டணா. பிறகு முழுக்க நடைதான். விடியலில் கிளம்பினால் மதியம் தாண்டிச் சேரலாம். சுருட்டிய படத்தைச் சுமந்தது நான்; மூச்சு வாங்கியது அவன்.

படத்தில் முன்னால் குனிந்து கதிர் அறுப்பவள் செல்லாயி. அன்று அவள் வீட்டில் நிச்சயம். திருப்புலி நாட்டிலிருந்து மாப்பிள்ளையும் அவன் வீட்டாரும் வந்திருந்தார்கள். நல்ல சமயம் என்று படத்தை விரித்தோம். முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் படத்தில் ஒரே இடத்தைக் குனிந்து பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

செல்லாயியின் அப்பா படத்திலிருந்த அவள் கையைக் காட்டினார். "ஏனுங்க, இதென்னங்க? எங்க மலைப் பொண்ணுங்க பச்சை குத்த மாட்டாங்க. குத்துனவள ஊட்டுக்குள்ள விடமாட்டோமுங்க."

சுந்தரம் திருதிருவென்று விழித்தான். காட்டுவேலை செய்கிற பெண் என்றால் பச்சை குத்தியிருப்பாள் என்று சேலத்தில் உட்கார்ந்து அவனே சேர்த்துவிட்டிருக்கிறான்.

செல்லாயி தன் கையை நீட்டினாள். "பாத்துக்கங்க." ஒரு புள்ளிகூட இல்லை.

மாப்பிள்ளையின் அப்பா தலையாட்டினார். "கை சரிதானுங்க. ஆனா படத்துல மூஞ்சி இந்தப் புள்ளையோடதாச்சே. பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

முகத்தை மாற்றிவிடுகிறேன் என்று சுந்தரம் சாயப்பெட்டியைத் திறந்தான்.

"மூஞ்சி இருக்கட்டுங்க, அது நான்தானுங்களே. கையை மாத்துங்க" என்றாள் செல்லாயி.

மாற்றினான். மாப்பிள்ளையின் அப்பா தொட்டுப் பார்த்தார். விரலில் சாயம் ஒட்டியது. "காயட்டுங்க. இருந்து, காஞ்ச பொறவு தட்டு மாத்திக்கலாம்."

எண்ணெய்ச் சாயம் லேசில் காயாது. நிஜக் கை கண்ணெதிரே இருக்க, படத்துக் கைக்காக ஒரு கல்யாணம் காத்திருந்தது. எனக்குக் கோபமாக வந்தது. அவர்கள்மீதா, சுந்தரத்தின்மீதா என்று இன்றுவரை தெரியவில்லை.

போகிறவர்கள் கம்பளி கொண்டுபோங்கள். தைக் குளிர் கடுமை. வழியில் கடை கிடையாது, கட்டுச்சோறு அவசியம். படம் வரைவதானால் மலையிலேயே முடித்துவிட்டு இறங்குங்கள்.

மறுநாள் படத்தை அங்கேயே விட்டுக் கிளம்பினோம். கண்காட்சி போனது போனதுதான். வாசலில் செல்லாயி முறத்தால் படத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அவள் கை ஓய்ந்ததும் மாப்பிள்ளை முறத்தை வாங்கிக்கொண்டான்.