மூன்றாம் முறை கடிபட்ட மீன்

சலூன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த தொட்டியம்மாவுக்கு உள்ளே நுழைந்ததுமே வெறுத்துப்போய்விட்டது. அப்பாவி மறுபடியும் கடிபட்டிருந்தான், இதோடு மூன்றாம் தடவை. மீன் தொட்டியில் காற்றுக்குழாய்க்குப் பின்னால் மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றான். விலாவில் செதில் பெயர்ந்து சதை தெரிந்தது, வால் கந்தலாகத் தொங்கியது. கடித்த தாதாவோ தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல நடுத்தொட்டியில் உலாத்திக்கொண்டிருந்தான்.

இரண்டும் ஆளுக்கொரு செருப்பு நீளத்துக்கு இருக்கிற ஆஸ்கர் மீன்கள். பெயர் வைத்தது சலூன்காரர். நல்ல மனுஷன்தான், குறை சொல்ல முடியாது. காலையில் கடை திறந்ததும் சாமான்களைக்கூட எடுத்து வைக்காமல் இரண்டுக்கும் இரை போடுவார். முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களிடம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோல மீன்களைப் பற்றிப் பேசுவார். ஆனால் ஒன்றை மட்டும் அவர் காதில் ஏற்றவே முடியாது.

"ரெண்டையும் பிரிச்சு வைங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது? நடுவுல ஒரு கண்ணாடி வச்சுடலாம். ஒரு மணி நேர வேலை."

"கண்ணாடி வச்சா ஜெயில் மாதிரி இருக்கும் தொட்டியம்மா. ஜோடியா சுத்தறதுதானே அழகு? நீ மருந்து போட்டா சரியாயிடும். உன் கை ராசி அப்படி."

கை ராசி! இந்தப் புகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. ஊரில் கடை, அலுவலகம், ஓட்டல் வரவேற்பறை என்று தொட்டி எங்கே இருந்தாலும் போய்க் கழுவுவதுதான் அவள் பிழைப்பு. நாள் முழுக்கக் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகும். போதாக்குறைக்கு இந்த வைத்தியம் வேறு. வலை போட்டால் புண் கிழியும் என்று தண்ணீரோடு சேர்த்து ஒரு மூடி போட்ட டப்பாவில் அப்பாவியை மொண்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டுக் குளியலறையில் ஒரு பெரிய டப். குளோரின் போகட்டும் என்று முன்னமே பிடித்து வைத்த தண்ணீர், அதில் கல் உப்பு, ஓரத்தில் காற்றுக்குழாய். அவள் புருஷன், பஸ் டிரைவர், அந்த டப்பைத் தாண்டித்தான் குளிக்க வேண்டும். சோப்பு நுரை தெறித்துவிடக் கூடாது என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு குளிப்பார்.

"வந்துட்டாரா உன் நோயாளி? வாடகை கொடுக்கச் சொல்லு."

"வாயை மூடிக்கிட்டு அந்தத் துண்டை நனைச்சுக் கொடுங்க."

ஈரத்துண்டில் மீனைக் கிடத்தி, ஒரு ஓரத்தால் கண்ணை மூடினாள். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அது அவள் வழக்கம். தனக்கு எப்போது மூச்சு முட்டுகிறதோ அப்போது மீனைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும், வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும். பஞ்சில் அயோடினைத் தொட்டு, செவுள் பக்கம் ஒரு சொட்டுகூட வழியாமல், புண்மேல் ஒற்றி எடுத்தாள். வயசாக ஆக மூச்சு நிற்கவே மாட்டேன் என்கிறது. முன்பெல்லாம் ஒரே தடவையில் முடிகிற வேலைக்கு இப்போது மூன்று தடவை வெளியே எடுத்து, திரும்பத் தண்ணீரில் விட வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை அப்பாவி துள்ளக்கூட இல்லை. அந்தப் பாவி துள்ளியிருந்தால்கூட அவள் மனசு ஆறியிருக்கும்.

தினமும் பாதித் தண்ணீர் மாற்றினாள். புண்ணில் பஞ்சு பஞ்சாகப் பூசணம் கட்டுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். மெல்ல மெல்லச் சதைமேல் வெள்ளையாகத் தோல் படர்ந்தது. ஒரு சாயங்காலம் அவள் கையிலிருந்தே இரையைப் பிடுங்கித் தின்றான். சந்தோஷப்பட வேண்டியவள் டப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

புருஷன் பதறிப்போய் வந்தார். "என்ன ஆச்சு? செத்துப்போச்சா?"

"குணமாயிடுச்சு. கொண்டுபோய் மறுபடியும் அவன்கிட்டயே விடணும். அதுக்குத்தான் இவ்வளவு பாடா? அடுத்த தடவை இது தாங்காதுங்க. என்னாலயும் முடியல."

அவர் டப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ செத்துப்போச்சுன்னு சொல்லிடு. இங்கயே கிடக்கட்டும். நான் ஒதுங்கிக் குளிச்சுக்கறேன்."

அவளுக்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது. மறுநாள் சலூனுக்குப் போய், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னாள். சலூன்காரர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"உன் மேல தப்பில்ல தொட்டியம்மா. நீ என்ன செய்யாம விட்டே?" என்று அவளுக்கே ஆறுதல் சொன்னார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "தாதா தனியா நிக்கறதப் பாக்க முடியல. அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்துடு. நீயே பாத்து எடு."

அட, புத்தி கெட்டவளே! ஊரெல்லாம் தொட்டி கழுவுகிறவள், இது தெரியாமலா போயிற்று? இவள் தொழிலில் மீன் செத்துவிட்டது என்று சொன்னால், அடுத்தது வாங்கி விடு என்றுதானே அர்த்தம்? எத்தனை கடைக்கு இவளே அப்படி வாங்கி விட்டிருக்கிறாள்! ஒரு மீனுக்காகப் பொய் சொன்னபோது இன்னொரு மீன் அவள் ஞாபகத்துக்கே வரவில்லை.

"கண்ணாடியாவது வைப்போமே" என்று கெஞ்சிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால், "அப்போ அப்பாவியையே கொண்டு வா" என்பார்.

மீன் கடையில் கிடைத்த ஆஸ்கரில் பெரியதாகப் பார்த்து எடுத்தாள். அதுவும் தாதாவில் பாதிதான் இருந்தது. கொண்டுவந்து, தண்ணீரின் சூடு ஒத்துப்போகட்டும் என்று பையோடு தொட்டியில் மிதக்கவிட்டாள். தாதா வந்து பைக்குக் கீழே நின்றுகொண்டான். பையிலிருந்த மீன் அவள் விரலைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது, இரை என்று நினைத்துக்கொண்டு.

சலூன்காரர் ஆசையாக வந்து பக்கத்தில் நின்றார். "என்ன யோசிக்கறே? விடு விடு, பழகிக்கும்."

"பழகாதுங்க" என்றாள் தொட்டியம்மா. பிறகு ரப்பர் பேண்டைக் கழற்றி, பையைச் சாய்த்துப் பிடித்தாள்.