படுத்தே பறந்தவள்

அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் 'பேஷண்ட் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. தையல் பிரிவில் வேலை. அங்கே உருவாகிக்கொண்டிருந்த சின்ன ஹெலிகாப்டருக்கு சீட் உறை, கூரையின் உள்துணி, பெல்ட் எல்லாம் அவள் கைவேலைதான்.

ஒரே வண்டி நாலு வேஷம் கட்ட வேண்டும் என்பது பெரிய இன்ஜினியரின் கனவு. அப்படியே விட்டால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும். பின்சீட்டைக் கழற்றினால் வயலுக்கு மருந்து தெளிக்கும் தொட்டி உட்காரும். அடியில் கொக்கி மாட்டினால் மலைமேல் மின்கம்பம் தூக்கும். இடப்பக்க சீட்டுகளை எடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சரை நீளவாக்கில் போட்டால் ஆம்புலன்ஸ். கடைசி வேஷத்தில்தான் தகராறு. சாதாரண உயரமுள்ள ஆள் படுத்தாலே கால் முன்பக்கக் கண்ணாடியில் இடித்தது. பெல்ட்டோடு நின்றிருந்த குள்ளமான அவளை இன்ஜினியர் மேலும் கீழும் பார்த்தார்.

"கொஞ்சம் படுத்துக் காட்டுறீங்களாம்மா?"

படுத்தாள். அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. அன்றோடு மாட்டிக்கொண்டாள்.

வண்டியை சிமெண்ட் தரையில் கட்டிப்போட்டு மாதக்கணக்கில் விசிறியைச் சுழலவிட்டுச் சோதித்தார்கள். அப்புறம் பறக்கவிட்டார்கள். வாங்குகிற மாதிரி யார் வந்தாலும் அவளைத் தையல் மிஷினிலிருந்து எழுப்பிக்கொண்டு போய் நோயாளி மாதிரி ஸ்ட்ரெச்சரில் கட்டுவார்கள்.

"ஊர்ல எவனுக்காவது இந்த வேலை கெடைக்குமா? படுத்துக்கிட்டே சம்பளம்!" என்று வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

எத்தனையோ முறை பறந்தும் அவள் கீழே எதையும் பார்த்ததில்லை. கண்ணுக்கு நேரே, தான் தைத்த கூரைத்துணி மட்டும்தான். "ஒருநாள் முன்சீட்ல உக்காரவெச்சு கூட்டிட்டுப் போறேன்கா" என்று பைலட் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த ஒருநாளுக்கு எரிபொருள் ஒதுக்க மேலிடத்தில் யாருக்கும் மனசு வரவில்லை.

மேலே போனதும் பல் கிடுகிடுக்கும். ஒரு தையல் இரண்டாகத் தெரியும். இறங்கிய பிறகும் காதுக்குள் வண்டு குடைந்துகொண்டே இருக்கும். ஒருநாள் இன்ஜினியரிடம் சொன்னாள்.

"தெரியும்மா," என்றார் அவர். "இந்த ஆட்டத்தைக் குறைக்கலாம். எடை கூடும். கூடினா இந்த இன்ஜின் தூக்காது. அடுத்த மாடல்ல பாத்துக்கலாம்."

ஒருமுறை மருத்துவமனைகளுக்காக மொத்தமாக வாங்க ஒரு குழு வந்தது. இது கைகூடினால் தொழிற்சாலை பிழைக்கும் என்று வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். குழுவிலிருந்த டாக்டரம்மா அவள் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தார். பறக்கும்போது அவள் நெஞ்சில் கைவைத்து அழுத்திப் பார்க்க முயன்றார். கை எட்டவில்லை. எழுந்தால் தலையில் கூரை தட்டியது; நகர்ந்தால் முழங்கால் அவள் நெற்றியில் முட்டியது.

இறங்கியதும் கேட்டார்: "மறைக்காம சொல்லும்மா. எப்படி இருந்துச்சு?"

பின்னால் இன்ஜினியர் வியர்வையில் சட்டை நனைந்து நின்றார். ஷெட் வாசலில் மொத்த ஆட்களும் நின்றிருந்தார்கள்.

"தொட்டில்ல படுத்த மாதிரி இருந்துச்சு டாக்டர்."

டாக்டர் அவள் கையைப் பிடித்தார். அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. "மூச்சு வாங்குற ஒருத்தர இதுல ஏத்தினா, வழியில என்னால ஒண்ணுமே பண்ண முடியாதும்மா," என்றார். கோபமில்லை, அதுதான் இன்னும் வலித்தது. பொய் சொன்னதும் வீணாய்ப் போயிற்றே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

குழு வேறு எங்கிருந்தோ பழைய, பெரிய ஹெலிகாப்டர்களை வாங்கிக்கொண்டது. விற்ற சில வண்டிகள் மருந்து தெளிக்கப் போயின. பைலட்டும் அவற்றோடு போனான். வண்டி மின்கம்பியில் சிக்கி விழுந்ததில் அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று பிறகு கேள்விப்பட்டாள். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். போகவில்லை. போய் என்ன பேசுவது?

ஒரு மத்தியானம் இன்ஜினியர் தையல் பிரிவுக்கு வந்தார். விரித்திருந்த துணியை விரலால் நீவிக்கொண்டே நின்றார்.

"வேற எங்கயாவது வேலை பாத்துக்குங்கம்மா."

"நீங்க என்ன சார் பண்ணப்போறீங்க?"

"எனக்கு வேற எதுவும் தெரியாதும்மா," என்றார். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

காது டாக்டரிடம் தாமதமாகத்தான் போனாள். நரம்பு கெட்டுவிட்டது, இனி கேட்பது குறையுமே தவிரத் தேறாது என்று சொல்லிவிட்டார். காதுக்குள் அந்தக் குடைச்சல் மட்டும் நிற்கவில்லை.

இப்போது தார்ப்பாய்க் கடையில் வேலை. லாரிக்கு மூடுதுணி தைக்கிறாள். முதலாளி கத்திக் கத்திப் பார்த்துவிட்டு இப்போதெல்லாம் நீளம், அகலத்தைக் கையால் காட்டிவிட்டுப் போகிறார். தலையாட்டிவிட்டு, முரட்டுத் துணியை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்.