அளவுத் திட்டுக்கு மஞ்சள் புடவை

கிராவல் குழிகளைத் தோண்டி முடித்த பிறகு போய்ப் பார்ப்பது என் வேலை. கரைகளைச் சரித்திருக்கிறார்களா, மேல்மண்ணைத் திரும்பப் பரப்பியிருக்கிறார்களா, கன்று நட்டிருக்கிறார்களா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கன்று விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. தூரத்திலிருந்து வேப்பங்கன்று என்று காட்டுவார்கள், கிட்டே போனால் எருக்கு நிற்கும்.

கடப்பாக்கத்துக்கு மேற்கே இருந்த அந்தக் குழியின் குத்தகைதாரர் காலையிலிருந்தே என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். இளநீர் வாங்கித் தந்தார், வேண்டாம் என்றதும் அவரே குடித்தார். அவர் அவசரம் எனக்குத் தெரியும். பக்கத்து நிலத்தில் அடுத்த குழி தோண்ட விண்ணப்பித்திருந்தார். இந்தக் குழிக்கு நான் கையெழுத்துப் போட்டால்தான் அது கிடைக்கும்.

ஆழத்தை அளக்க வசதியாக, தோண்டும்போது ஓரிடத்தில் மட்டும் பழைய தரையைத் தொடாமல் திட்டாக விட்டுவைப்பது வழக்கம். இந்தக் குழியில் அது லாரிகள் மேலேறி வரும் வாயிலிலேயே இருந்தது. ஆனால் அதற்கு மஞ்சள் புடவை கட்டி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழ மாலை போட்டிருந்தார்கள். முன்னால் சூலம், கற்பூரத் தட்டு. அதன்மேல் அளவு நாடா பிடிக்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. பிடித்தேன். திட்டின் உச்சியிலிருந்து குழியின் தரை வரை, அனுமதித்ததைவிட முழங்கால் அளவு ஆழம் அதிகமாக வந்தது.

குத்தகைதாரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மேடம், நான் கீழ தோண்டல. இதுதான் மேல வளந்துகினு போவுது" என்றார்.

இருபது வருடத்தில் எத்தனையோ சாக்கு கேட்டிருக்கிறேன், இது புதிது. பிறகுதான் விவரம் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஊர்ப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஆளுக்கொரு கூடை மண் குழைத்துப் பூசுகிறார்களாம். அம்மன் வளர வளர, இவர் மண்வெட்டியைத் தொடாமலே குழி ஆழமாகிக்கொண்டிருந்தது.

பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் பழைய தரை எங்கே என்று தெரிந்துவிடும், வெட்டுங்கள் என்றேன். அதற்குள் பூசை செய்யும் அம்மாள் வந்துவிட்டாள். நாவலூரில் ஏதோ கம்பெனியில் கூட்டித் துடைக்கும் வேலை, அன்று விடுமுறை. அம்மனிடம் பூ கேட்காமல் யாரும் கை வைக்கக் கூடாது என்றாள். திட்டின் தலையில் ஒரு செம்பருத்தியை வைத்தாள். வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு.

அரசாங்கப் பரிசோதனை ஒரு செம்பருத்திக்காகக் காத்திருந்தது. குழிக்குள் ஒரு பொட்டுக் காற்றில்லை. எரிச்சலில் நான் நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தேன். குத்தகைதாரர் மெல்ல இடப்பக்கம் நகர்ந்து, வியர்க்கிறது என்று சொல்லிக்கொண்டு என் ஃபைலால் பலமாக விசிற ஆரம்பித்தார். அந்த அம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். ஃபைல் என்னிடம் திரும்பி வந்தது.

மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பியதும் பூ வலப்பக்கமே விழுந்தது.

வெட்டினார்கள். மேலே மஞ்சள் மஞ்சளாகப் பூசிய மண், அதன் கீழே கறுத்துப்போன புல்வேர்கள். வேர் மட்டத்திலிருந்து அளந்தால் ஆழம் சரியாக இருந்தது. குத்தகைதாரர் நெடுஞ்சாண்கிடையாகத் திட்டின் முன் விழுந்தார். எழுந்து அம்மன் குங்குமத்தை நெற்றியில் இட்டுக்கொண்டபோது சட்டையெல்லாம் செம்மண்.

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்றேன். குழி வேலையை முடித்துக் கொடுக்கும்போது அளவுத் திட்டும் இருக்கக் கூடாது, இடித்துச் சமன் செய்தால்தான் கையெழுத்து.

"நாளைக்கே ஜேசிபி வுட்டு எடுத்துர்றேன் மேடம்" என்றார். நெற்றியில் குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது. இப்படியும் ஒரு மனிதனா என்று இருந்தது.

அந்த அம்மாள் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாக என்னிடம்தான் பேசினாள்.

"எட்த்துக்கட்டும், எனக்கு இன்னா? இது மண்ணுன்னு எனக்குத் தெரியாதா? லாரிக்காரன் இங்க நின்னு துன்னூறு பூசிகினு போனாத்தான் எங்க தெருவுல மெதுவா போறான். பசங்க அந்த வழியாத்தான் இஸ்கோலுக்குப் போவுது. இனிமே லாரி வராதுன்னு எழுதிக் குடும்மா, நானே இடிக்கிறேன்."

நான் குத்தகைதாரரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். பக்கத்து நிலத்துக்கும் அந்தத் தெருவை விட்டால் வழி இல்லை. என் கையெழுத்து விழுந்தால் லாரி மறுபடி வரும், அப்போது மறித்து நிறுத்த இந்தத் திட்டும் இருக்காது. எனக்குக் கோபமாக வந்தது. அவர் மேலா, என் வேலை மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அதற்குள் அவள் கூடையில் மண் அள்ளி வந்து, வெட்டிய இடத்தை அடைத்துப் பூசத் தொடங்கியிருந்தாள். குத்தகைதாரர் பேனாவைத் திறந்து நீட்டினார். இடிப்பதாகத்தான் ஒத்துக்கொண்டாகிவிட்டதே, கையெழுத்தை இப்போதே போட்டுவிடலாமே என்றார்.

"திட்டு அப்படியே நிக்குதேங்க, நான் எப்படிப் போடுறது?" என்றேன். "அதுவும் இன்னும் வளர்ந்துட்டு வேற இருக்கு."