ஐசக் சாரின் கமர்கட்

போன வியாழக்கிழமை காலை, பிளஸ் டூ பெற்றோரும் ஆசிரியர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில்தான் அந்தச் செய்தியைப் பார்த்தேன். எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியர் ஐசக் சார் விடியற்காலையில் மாரடைப்பில் காலமாகிவிட்டார். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு தாயார் கேட்டிருந்தார்: "வெரி சேட். மேத்ஸ் ரிவிஷனை இனிமே யார் முடிப்பாங்க? பசங்க டென்ஷனா இருக்காங்க." அதற்கும் பலர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. ஒரு மனிதர் இறந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேலேயேதான். அப்படிக் கேட்கக்கூடிய தாயாகத்தான் நானும் இருந்திருக்கிறேன்.

தாம்பரத்தில் அந்தப் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. பதினேழு வருடம் எனக்கும் ஐசக் சாருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஒரு பழைய ஸ்கூட்டரில் வருவார். என் சிவப்புப் பேனாவை இரவல் வாங்கினால் திருப்பித் தரமாட்டார். பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டால், "போடணும் மிஸ்" என்பார். போடமாட்டார். அவரோடு வேலை பார்ப்பது லேசான காரியம் இல்லை.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் தினமும் கரும்பலகையின் மூலையில் ஒரு கணக்கை எழுதி, "இது பரீட்சைக்கு வராது. வேணும்னா போடுங்க" என்பார். பெற்றோர் புகார் எழுதினார்கள். பரீட்சைக்கு வராததை ஏன் நடத்துகிறார், அந்த நேரத்தில் இன்னொரு மாதிரித் தேர்வு வைக்கலாமே என்று. சார் சிரித்துக்கொண்டே அந்தக் காகிதங்களை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைப்பார்.

பிறகு எங்கள் பள்ளிக்கும் 'அட்வான்ஸ்டு பேட்ச்' வந்தது. பதினோராம் வகுப்பிலிருந்தே நுழைவுத் தேர்வுப் பாடம். காலை ஆறரைக்குத் தொடங்கி மாலை ஏழு வரை வகுப்பு, சனிக்கிழமையும் உண்டு. வெளியிலிருந்து ஒரு பயிற்சி மையத்துக்காரர்கள் வந்து நடத்துவார்கள். யாரைச் சேர்ப்பது என்று பேசிப் பார்க்கும் வேலை மட்டும் ஐசக் சாருடையது.

முதல் வருடம் கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு தகப்பனார் மகனோடு வந்தார். சார் பையனைப் பார்த்து, "உன் பேர் என்னப்பா?" என்றார். "கௌதம் சார்," என்றார் தகப்பனார். "எந்தப் பாடம் பிடிக்கும்?" "மேத்ஸ்தான் சார். உயிரு." பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சாரின் மேசையில் ஒரு பிளாஸ்டிக் ஜாடி இருந்தது. உள்ளே வெல்லமும் தேங்காயும் சேர்த்து உருட்டிய கமர்கட். வரும் பெற்றோருக்கு ஒன்று நீட்டுவார். "எடுத்துக்குங்க, நம்ம ஏரியா சரக்கு." மரியாதைக்கு வாயில் போட்டுக்கொள்வார்கள். போட்டவருக்குப் பல் ஒட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்துக்குப் பேச்சு வராது. பிள்ளைக்குத் தரமாட்டார். அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளையைப் பேசச் சொல்வார். கண்ணை உருட்டிக்கொண்டு, தாடையை அசைத்துக்கொண்டு, பதில் சொல்ல முடியாமல் தவிக்கும் அப்பாக்களைப் பார்த்து, பக்கத்து மேசையிலிருந்து நான் எத்தனை முறை வாயைப் பொத்திச் சிரித்திருப்பேன்!

நான்கு வருடங்களுக்கு முன் என் மகள் நிவேதாவின் முறை வந்தது. அவள் அவரிடம்தான் பத்தாம் வகுப்புக் கணக்குப் படித்திருந்தாள். எதிர் நாற்காலியில் அன்று நான் தாயாக உட்கார்ந்திருந்தேன். சார் ஜாடியை நீட்டினார். எடுத்து வாயில் போட்டேன். "நீ சொல்லும்மா," என்றார்.

"சார், எனக்கு வந்து..." என்று அவள் ஆரம்பித்தாள்.

எனக்குத்தான் அந்தத் தந்திரம் தெரியுமே. கமர்கட்டைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு, "அட்வான்ஸ்டு பேட்ச்தான் சார். வீட்ல முடிவு பண்ணிட்டோம்," என்றேன். நிவேதா வாயை மூடிக்கொண்டாள். சார் படிவத்தில் 'சேர்க்கலாம்' என்று எழுதினார். என் பேனாவால்தான்.

இன்றைக்கும் எனக்கு அவர் மேல் ஆற்றாமை உண்டு. ஒரு அதட்டுப் போட்டிருக்கலாம். கூட வேலை பார்ப்பவள் என்று தயங்கிவிட்டார். அதற்குப் பதிலாக வருடம் முழுவதும் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்: "பொண்ணு என்ன சொல்ல வந்தான்னு கேட்டீங்களா மிஸ்?" லேப் இருக்கிறது, திருத்தும் வேலை இருக்கிறது என்று நழுவினேன். இரண்டு வருடம் முடிந்தது. நுழைவுத் தேர்வில் அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. கணக்கு நோட்டுகளை எல்லாம் தானே கட்டி, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு, பொத்தேரியில் ஒரு கல்லூரியில் கணக்கே இல்லாத படிப்பில் சேர்ந்தாள். சார் கேட்பதை நிறுத்தவில்லை. போன மாதம்கூடக் கேட்டார்.

அடக்கத்துக்கு நிவேதாவும் விடுதியிலிருந்து வந்திருந்தாள். சாரின் பெட்டிக்கு அருகே நின்று அழுதாள். அங்கேயே ஒரு தகப்பனார் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "மிஸ், அட்வான்ஸ்டு பேட்ச் செலக்‌ஷனுக்கு இனிமே யாரைப் பார்க்கணும்?" என்றார். என்ன சொல்வது இவர்களை! "முதல்ல உங்க பிள்ளையைப் பாருங்க சார்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. பிள்ளை இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தது.

சனிக்கிழமை அவருடைய மேசையை ஒழிக்கச் சொன்னார்கள். நிவேதா துணைக்கு வந்தாள். இழுப்பறையில் என் சிவப்புப் பேனாக்கள் ஒன்பது இருந்தன. அடியில் ஜாடி, அதில் இரண்டு கமர்கட்.

"அன்னிக்கு சார்கிட்ட என்னடி சொல்ல வந்தே?" என்று கேட்டுவிட்டு, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அவள் ஜாடியை மூடி வைத்தாள். பிறகு மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நார்மல் செக்‌ஷன் போதும்னு சொல்ல வந்தேன்மா. அதுலதான் சார் கிளாஸ் எடுப்பாரு. அட்வான்ஸ்டு பேட்ச்ல வேற யாரோ வருவாங்க. போர்டு மூலைல போடுவாரே, அந்தக் கணக்கு இன்னும் ரெண்டு வருஷம் வேணும்னு கேக்க வந்தேன். மேத்ஸ்தான்மா படிக்கணும்னு இருந்தேன்."

அவள் நிறுத்தவில்லை. ஆறரை மணி வகுப்பைப் பற்றி, சனிக்கிழமைகளைப் பற்றி, நோட்டுகளைக் கட்டிய நாளைப் பற்றிச் சொன்னாள். எனக்குச் சொல்ல ஆயிரம் பதில் இருந்தது. உன் நல்லதுக்குத்தானே என்று ஆரம்பிக்க நாக்கு துடித்தது. கைக்குட்டையும் மடியில்தான் இருந்தது. எடுக்கவில்லை. கமர்கட் கரைந்து போன பிறகும் தாடையை அசைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அவள் பேசி முடிக்கும் வரை.

கேட்டுவிட்டேன் சார். நான்கு வருடம் தாமதம்தான். போய் வாருங்கள்.